அந்த மாதுளம்பழத்தை எப்படிச் சாப்பிட்டாய்?

கேள்வி: எனக்கு வயது 31. நான் ஆறு வயதாக இருந்தபோது அப்பா எங்களை விட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அம்மா ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது அப்பாவுக்குக் குடியால் ஈரல் கெட்டுவிட்டது. இரண்டாவது மனைவியின் மகள் தினமும் போன் செய்து அழுகிறாள். அவளுடைய ரத்த வகை சேரவில்லையாம். 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரில் டாக்டர் மெரிடித், தன்னை விட்டுப்போன அப்பா தாட்சருக்கே ஈரல் கொடுத்தாள். நான் மட்டும் கல்நெஞ்சக்காரியா என்று தூக்கமில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தேன். கையில் பஞ்சு ஒட்டியிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். ஆபீஸில் ரத்ததான முகாம் என்றேன். பாவம், மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை ஸ்கேன். நான் செய்வது சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: எனக்கு உன் வயதில் மகள் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் அப்பாவைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மாதுளம்பழத்தை எப்படிச் சாப்பிட்டாய்?

உன் அம்மா தையல்காரி. ஊராருடைய பட்டுத்துணியைத் தொடும் கை அது. மாதுளை உரித்தால் நகக்கண்ணில் கறை ஏறும், எத்தனை சோப்பு போட்டாலும் அன்றைக்குப் போகாது. மகள் ரத்தம் கொடுத்து வந்திருக்கிறாளே என்று அதையும் பார்க்காமல் உரித்திருக்கிறாள். யாருக்காகக் கொடுத்த ரத்தம் என்று அவளுக்குத் தெரியாது. நீயோ 'பாவம்' என்று ஒற்றை வார்த்தையில் அதைத் தாண்டிப் போகிறாய். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

தாட்சர் கதையை நானும் பார்த்தவள்தான். ஐந்து வயதுக் குழந்தை மெரிடித்தை விட்டுப்போன மனிதர், போன இடத்தில் இரண்டு பெண்களுக்கு நல்ல தகப்பனாக இருந்தார். இரண்டாவது மனைவி சூசன் விக்கலுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து செத்துப்போனதும், அத்தனை பேர் முன்னால் மெரிடித்தை அறைந்தார். பிறகு குடியில் விழுந்தார். இவ்வளவுக்கும் பிறகு அவள் கொடுத்தாள் என்பதுதானே உன்னை உறுத்துகிறது? அவள் யாருக்காகக் கொடுத்தாள் என்று நினைத்துப் பார். தங்கை லெக்ஸிக்காக. ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஒரே வீட்டில் இருந்து பழகிய தங்கை. உன் தங்கை உனக்கு இன்னும் போனில் கேட்கும் ஓர் அழுகுரல்தான்.

இன்னொன்றையும் நீ கவனிக்கவில்லை. மெரிடித் ஈரல் கொடுத்தது 2009-ல் வந்த கதையில். அவளுடைய அம்மா எல்லிஸ் 2007-லேயே கதையில் இறந்துவிட்டாள். அந்த எல்லிஸும் வேறொருவரை மனதில் வைத்திருந்தவள். தாட்சர் போன கதையில் குற்றம் இரண்டு பக்கமும் உண்டு. உன் வீட்டில் அப்படியா? மெரிடித்துக்குப் போய்ச் சொல்ல அம்மா இல்லை. உனக்கு அடுத்த அறையில் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆபரேஷன் என்றால் என்ன என்று கேட்டாயா? பெரும்பாலும் ஈரலின் வலது பாகத்தை எடுப்பார்கள், ஏறக்குறைய 60 சதவீதம். அது திரும்ப வளர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, பிறகு இரண்டு மாதம் போல வீட்டில் ஓய்வு. மாதக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது. கொடுப்பவருக்கும் உயிராபத்து கொஞ்சம் உண்டு. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும்போது உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுக்கப்போவது யார்? அந்த வேலையை அம்மா தலையில் வைக்கப்போகிறாய், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டாக்டர்களே கேட்பார்கள். அப்போதும் முகாம் என்பாயா?

என் கருத்தை ஒளிக்கவில்லை. பெற்றதற்காக மட்டும் யாருக்கும் மகள் கடன்பட்டவள் ஆகமாட்டாள். சோறு போட்டவளுக்கும் காய்ச்சலில் விழித்திருந்தவளுக்கும்தான் கடன். அப்பாவுக்கு நீ கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கொடுத்தால் அது தானம், தாராளமாகக் கொடு, நான் தடுக்கமாட்டேன். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் மகள் நெருங்கிய உறவு, அதனால் வழியும் உண்டு. மனமொப்பித்தான் கொடுக்க வேண்டும், ஆபரேஷன் அறை வாசலில்கூட வேண்டாம் என்று சொல்லலாம். உன் கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் உன்னிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும் என்று தங்கையிடம் சொல்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல். இன்றைக்கே. 'கோபப்படுவாள்' என்பாய். படட்டும், இருபத்தைந்து வருஷமாக அடக்கி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஸ்கேனுக்கு அவளைக் கூப்பிடு. வரமாட்டேன் என்றால், அதை அவள் வாயால் கேட்டுவிட்டுப் போ.