எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே, டாக்டர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில.

கேள்வி: எனக்கு லூபஸ். செம்பனை நர்சரியில் வேலை. எதிர்ப்புச் சக்தி கூட்டும் பவுடர் ஒன்றை மச்சினி வாங்கித் தந்திருக்கிறார். குடிக்கலாமா?

வேண்டாம், அக்கா. சக்தி குறைந்து வந்த நோயல்ல இது. லூபஸில் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிறது, காவலுக்கு நின்றவனே வீட்டாரை அடிப்பது போல.

எதிர்ப்பு அணுக்களில் டி செல் என்று ஒரு வகை. தோட்டத்து உர ஸ்டோருக்கு இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவியைக் கிராணியிடமும் மற்றதை மானேஜரிடமும் கொடுத்து வைத்தால் எப்படி, அப்படித்தான் இதுவும். கிருமியின் துண்டு கண்ணில் படுவது முதல் சாவி. 'ஆபத்துதான்' என்று இன்னொரு அணு உறுதி சொல்வது இரண்டாவது. முதல் சாவி மட்டும் திரும்பினால் அந்த டி செல் பெரும்பாலும் செயலற்றுப் போகும். இரண்டும் திரும்பி வேலை தொடங்கிய பிறகும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் வந்து இரண்டாவது சாவியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடி-1 என்ற இன்னொன்று, சண்டை நடக்கும் இடத்திலேயே அடக்கி வைக்கும். இப்படிப்பட்ட பல கட்டுப்பாடுகள் தளர்ந்துபோன உடம்பை மேலும் உசுப்பிவிடக் கூடாது. எக்கினேசியா, ஆல்ஃபால்ஃபா கலந்த எதையும் தொடாதீர்கள்.

பவுடரைவிட வெயில்தான் எனக்குக் கவலை, அது லூபஸைக் கிளப்பிவிடும். போன வருஷம் லூபஸ் வந்த ஒரு அம்மா தலைத்துண்டை அவிழ்த்தபோது பார்த்தேன். இரண்டு கன்னமும் கருஞ்சிவப்பாகத் தடித்திருந்தன, மூக்கோர மடிப்பில் மட்டும் தோல் பழைய நிறத்தில் இருந்தது. நம் நிறத்துக்கு அது வெயிலில் கறுத்தது போலவே தெரியும், அதனால் பல மாதம் யாரும் கண்டுகொள்வதில்லை. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். நிழல் வேலை கேட்டு மண்டோரிடம் பேசுங்கள். கடிதம் வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: சொந்த உடம்பைத் தாக்கும் தவறான டி செல்களைத் தைமஸ் சுரப்பியே அழித்துவிடும் என்று படித்தேன். அப்புறம் ஏன் இந்த நோய்கள்? (படிவம் ஆறு மாணவி)

நல்ல கேள்வி, தங்கச்சி. தைமஸ் ஒரு சல்லடை, அதில் சிலது தப்பிவிடும். தப்பியதை அடக்கத் தனி டி செல்கள் உண்டு என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். 'ஸ்கர்ஃபி' என்ற நோயுற்ற எலிகளை ஆராய்ந்த மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். அந்த அடக்கும் செல்கள் உருவாக அது வேண்டும். அது கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் எல்லாம் தாக்கப்படுகின்றன. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு.

கேள்வி: முடக்குவாதம் வந்த அம்மாவின் தட்டில் சாப்பிட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. அதுவும் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளைத் தாக்கும் நோய்தான். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இம்யூனோதெரப்பி ஊசி போட்டு ஆறு வாரம். நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. கடையில் மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள், தம்பி. புற்றுக்கட்டிகள் பிடி-1 தடையை அழுத்திப் பிடித்து டி செல்லைத் தூங்க வைக்கும். இந்த ஊசிகளில் பெரும்பாலானவை அந்தப் பிடியை விடுவிக்கின்றன. இப்படித் தடையை எடுத்துப் புற்றைத் தாக்கும் வழிக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். ஆனால் தடை எடுபட்ட டி செல் குடலையும் தாக்கலாம். அதுவாக இருந்தால், போக்கை நிறுத்தும் மாத்திரை அறிகுறியை மறைக்கும், உள்ளே புண் பெருகும். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊசி போட்ட புற்றுநோய்ப் பிரிவுக்கு இன்றே போன் செய்யுங்கள். அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், வயிற்றில் கடும் வலி, காய்ச்சல் எது இருந்தாலும் நேரே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். ஊசியின் பெயர் எழுதிய அட்டையை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.