வாசகர் கேள்வி பதில்: அம்புக்கு வான்கோழி இறகு

மரபு வில் எய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இறகு சம்பந்தப்பட்டவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலரும் பசையைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடிதங்களைக் கவனமாகப் படித்துப் பார்த்தால், பெரும்பாலான தவறுகள் பசைப் புட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடுகின்றன.

கேள்வி: கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆயாம் பெலாண்டா (வான்கோழி) விற்பவரிடம் சொல்லிவைத்து ஒரு பை நிறைய இறகு வாங்கினேன். கடையில் கிடைக்கும் வெட்டிய இறகு மாதிரி இதை எப்படி ஆக்குவது? ஆறு அம்புக்கு எத்தனை வேண்டும்?
(வாசகர், செந்தூல்)

பதில்: முதலில் பையை வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். கோழிக்கடையிலிருந்து வரும் இறகில் இரத்தமும் கொழுப்பும் பேனும் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஜிப் பையில் அடைத்து, ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு மறுபடியும் 4 நாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, தண்டின் அடியிலிருந்து நுனியை நோக்கி வருடிக் கழுவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் இழைகள் பிரிந்து சீப்புப் பல் மாதிரி நிற்கும். கழுவியதை நிழலில், மின்விசிறிக் காற்றில் 2 நாள் உலர விடுங்கள்.

அடுத்தது பொறுக்கும் வேலை. வால் இறகு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெத்தென்றிருக்கும். அம்புக்கு ஏற்றது சிறகின் நுனிப்பக்கத்துப் பெரிய இறகு. ஒரு சிறகில் அப்படி 10 இருக்கும். அதிலும் வெளி ஓரத்து ஒன்றிரண்டு மிக ஒடுங்கலாக இருப்பதால் ஒதுக்கிவிடுங்கள். பண்ணை வான்கோழி பெரும்பாலும் வெள்ளை. பழைய படங்களில் பார்க்கும் பழுப்பு வரி இறகு வேறு வகை வான்கோழியுடையது. வெள்ளை என்பதற்காக வருத்தப்பட வேண்டாம், சாயம் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது இடச் சிறகையும் வலச் சிறகையும் பிரிக்க வேண்டும். இறகின் மேல்பக்கம், அதாவது புடைத்த பக்கம், உங்களைப் பார்க்கட்டும். நுனி உங்களை விட்டு விலகி இருக்கட்டும். தண்டின் இரு பக்கமும் இழைகள் சேர்ந்த தகடுதான் இதழ். அகலமான இதழ் வலப்பக்கம் இருந்தால் வலச் சிறகு, இடப்பக்கம் இருந்தால் இடச் சிறகு. இரண்டு கட்டாகப் பிரித்துப் பெயர் எழுதி வையுங்கள். தண்டைப் பிளந்த பிறகு கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

அம்புக்குப் பயன்படுவது அகலமான இதழ் மட்டும்தான். ஒடுங்கிய இதழைக் கிழித்து எறிந்துவிடலாம். தண்டின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். இறகைப் பலகையில் மல்லாத்தி, தடித்த முனையிலிருந்து அந்தப் பள்ளம் வழியாகப் புது பிளேடை மெல்ல இழுங்கள். பழைய பிளேடு வழுக்கிக்கொண்டு கைக்குத்தான் வரும். உள்ளே தக்கை மாதிரி வெள்ளையாகத் தெரிவதைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

இந்தத் தேய்ப்பில்தான் ஒரு இறகின் தலையெழுத்து இருக்கிறது. இரண்டு இரும்பு அளவுகோலுக்கு நடுவே இதழைச் செருகி, தண்டு மட்டும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிளிப் போட்டு இறுக்குங்கள். 120 நம்பர் மணல்தாளைத் தரை ஓட்டில் ஒட்டி, அதன்மேல் நேராக முன்னும் பின்னும் இழுங்கள். அடி தட்டையாகி, சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் மிஞ்சும்போது நிறுத்துங்கள். கிளிப்பை எடுத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நேராக நின்றால் சரி. பக்கவாட்டில் வளைந்தால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. தடிமன் அதிகமாக விட்டால் அம்பின் உருண்டையில் உட்காராமல் முன்முனை கிளம்பும். மிகவும் மெலிந்தால் அடி நெளிந்து, ஒட்டும்போது அலை அலையாகத் தெரியும்.

4 அங்குல இறகு வேண்டுமானால் இதழ் 4 அங்குலம், அதன் முன்னும் பின்னும் வெறும் தண்டு 5 மில்லிமீட்டர் வீதம் விட்டு வெட்டுங்கள். நூல் சுற்ற அந்த இடம் தேவைப்படும். உயரம் அதிகபட்சம் அரை அங்குலம். மெல்லிய தகரத்தில் அச்சு வெட்டி, அதை வைத்து நல்ல கத்தரியால் முன்னிருந்து பின்னாக வெட்டினால் போதும். சூடான கம்பியால் சுட்டும் வடிவம் எடுக்கலாம். விளிம்பு சுத்தமாக வரும், ஆனால் முடி கருகும் நாற்றம் வரும். அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

ஆறு அம்புக்கு, அம்புக்கு மூன்று வீதம், 18 இறகு. கெட்டுப்போவதற்கும் சேர்த்து ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து 24 எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒரே அளவு அம்பு, ஒரே முனை, ஒரே கடையில் வாங்கிய இறகு. மூன்று அம்பு நேராகப் போகிறது. மூன்று அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது. ஏன்?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஆடும் அம்பைக் கையில் எடுங்கள். நாண் கடிக்கும் பிளவு (நாக்) உங்களை நோக்கி இருக்கட்டும். ஓர் இறகை மேலே வரும்படி திருப்பி, குழிந்த பக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் குழிந்திருந்தால் அது வலச் சிறகு. இப்படி மூன்றையும் பார்த்தால், ஒன்று மட்டும் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வலச் சிறகு, பின்னாலிருந்து பார்த்தால், அம்பைக் கடிகார முள் திசையில் சுழற்றும். இடச் சிறகு அதற்கு எதிராக. இரண்டையும் ஒரே அம்பில் கலந்தால் ஒன்று தருவதை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும். அம்பு ஒழுங்காகச் சுழலாது. எந்தச் சிறகு நல்லது என்று பலர் கேட்கிறார்கள். வலக்கைக்காரர், இடக்கைக்காரர் யாராக இருந்தாலும் எதையும் பயன்படுத்தலாம். ஓர் அம்பில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்புக் கட்டு முழுவதும் ஒரே பக்கமாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

சிறகு சரியாக இருந்தால் அடுத்து கிளாம்பைப் (ஒட்டும்போது இறகை அம்பில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பாருங்கள். வலமாக முறுக்கிய கிளாம்பில் வலச் சிறகுதான் பொருந்தும். மாற்றிப் போட்டால் இறகின் அடி அம்பில் படாமல் நடுவில் இடைவெளி விழும்.

மூன்றாவது சந்தேகம், நாக் பிளவுக்குச் செங்குத்தாகத் தனித்து நிற்கும் இறகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. மூன்று விரலால் நாணை இழுக்கும் வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கும். அதனால் தனி இறகு இடப்பக்கம் பார்க்க வேண்டும். குதிரை மேலிருந்து எய்யும் வகை வில்லில் கட்டைவிரலால் இழுப்பவருக்கு அம்பு வலப்பக்கம், தனி இறகும் வலப்பக்கம். பழகும் இடத்தில் இரண்டு முறைக்காரர்களும் அம்பை மாற்றி மாற்றி எய்கிறார்கள் என்றால் நான்கு இறகு ஒட்டிவிடுங்கள். எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: கிளாம்ப் வாங்க வசதியில்லை. கையால் ஒட்ட முடியாதா?
(கல்லூரி மாணவி, ஸ்தாப்பாக்)

பதில்: தாராளமாக. ஒரு துண்டுக் காகிதத்தை அம்பைச் சுற்றி, விளிம்பு சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு, அந்த நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள். 11/32 அங்குல மர அம்பின் சுற்றளவு சுமார் 27.4 மில்லிமீட்டர், ஆகவே கோடுகளுக்கிடையே 9.1. 5/16 அங்குலத்துக்கு 8.3. காகிதத்தை அம்பில் மீண்டும் சுற்றிப் புள்ளிகளை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் புள்ளி, நாக் பிளவுக்குச் செங்குத்தாக வர வேண்டும். மர அம்பில் அந்தப் பிளவு வளர்ச்சிக் கோடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். கோடு வழியாகவே பிளவு போனால் நாணின் அடியில் மரம் பிளந்துவிடும்.

இறகின் பின்முனைக்கும் நாக் பிளவின் அடிக்கும் இடையே 1 அங்குலம் விடுங்கள். பின்முனைத் தண்டுகள் மூன்றையும் முதலில் நூலால் கட்டுங்கள். பிறகு இதழின் இழைகளை ஊசியால் விலக்கி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்றாக முன்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இறகு கோட்டில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். முன்முனையில் நெருக்கமாக 12 முதல் 15 சுற்று சுற்றி முடியுங்கள். தையல்கடைப் பாலியஸ்டர் நூலே போதும். பட்டு நூல் இருந்தால் பிசிறில்லாமல் வழவழவென்று படியும். முதல் அம்புக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ஆறாவது அம்பு உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி: ஒட்டிய இறகு ஒரு வாரத்தில் முன்பக்கம் பிரிந்துகொள்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு எந்தப் பசை நல்லது? எய்யும்போது தண்டு ஒருமுறை கையையும் கீறிவிட்டது.
(வாசகர், கெப்போங்)

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறோம், ஏனென்றால் அது ஆபத்து. அம்பு வைக்கும் மேடையில்லாத வில்லில் இறகு உங்கள் கை மேலேயே உரசிச் செல்லும். தூக்கிக்கொண்டிருக்கும் தண்டு தோலுக்குள் செருகிவிடும். ஆகவே முன்முனையில் வெறும் தண்டாக இருக்கும் பகுதியை மணல்தாளால் சரிவாகத் தேய்த்து மரத்தோடு மரமாக்குங்கள். அதன்மேல் நூல் சுற்றி, ஒரு சொட்டுப் பசை தடவுங்கள். எய்வதற்கு முன் நகத்தை அம்பின் முனையிலிருந்து இறகை நோக்கி ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது இடறினால் அந்த அம்பை எடுத்து வைத்துவிடுங்கள். வில் பிடிக்கும் கையில் கையுறையும் போடுங்கள்.

இனி பசை. பிரிவதற்கு முதல் காரணம் கொழுப்பு. பறவை தன் இறகில் எண்ணெய் பூசிக்கொள்ளும். நம் விரலும் கொஞ்சம் சேர்த்துவிடும். இறகின் அடியைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒருமுறை துடையுங்கள். அம்பின் மேல் அசிட்டோன் வேண்டாம், வார்னிஷைக் கரைத்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். பூசிய வார்னிஷ் முழுதாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் பசை வைத்தால் இரண்டும் சேர்ந்து சுருங்கி உரிந்து வரும்.

அம்புக்கென்று விற்கும் கரைப்பான் பசையை மெல்லிய கோடாக இட்டு, கிளாம்பில் 15 நிமிடம் விடுங்கள். முழுவதும் இறுகுவதற்கு ஒரு நாள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வெள்ளை பூத்துவிடும். அந்த ஒட்டு நிற்காது. குளிர்சாதன அறையில் செய்யலாம். சூப்பர் குளூ ஈரத்தில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீர் போன்ற வகை இழைகளில் ஊறி அவற்றைக் குச்சியாக்கிவிடும். கெட்டியான ஜெல் வகையை வாங்குங்கள். எந்தப் பசையானாலும் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு சொட்டு கூடுதலாக வைக்க மறக்காதீர்கள்.

பிளாஸ்டிக்குக்கு மாறிவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வில்லுக்கு அது சரிவராது. இறகு கையில் பட்டதும் மடிந்து, தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மடியாமல் இடித்து அம்பை வெளியே தள்ளும். 4 அங்குல இறகு மூன்றும் சேர்ந்து ஒரு கிராம்கூட வராது என்பதால் வால்பக்கமும் கனக்காது. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் லாங்போ (நீள வில்) பிரிவில் மர அம்பும் இயற்கை இறகும்தான் அனுமதி.

கேள்வி: தைப்பூசத்துக்குக் கட்டிய காவடியைப் பிரித்ததில் மயிலிறகு நிறைய மிஞ்சியிருக்கிறது. அம்புக்கு ஆகுமா?
(வாசகி, தண்ணீர்மலை, பினாங்கு)

பதில்: கண் உள்ள தோகை ஆகாது. அதைக் கையில் எடுத்து ஊதிப் பாருங்கள். இழைகள் தனித்தனியாக ஆடும். சிறகு இறகில் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் பக்கத்து இழையைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது ஒரு தகடு மாதிரி காற்றைத் தடுக்கிறது. தோகையில் அந்தப் பிடிப்பு இல்லை. மயிலின் சிறகு இறகு அம்புக்கு உகந்தது, ஆனால் காவடியில் அதைக் கட்டுவதில்லையே! தோகையைப் பத்திரப்படுத்தி அடுத்த தைப்பூசத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒன்று சொல்ல வேண்டும். கழுகு, இருவாச்சி இறகு கிடைத்தால் ஒட்டலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் உறுப்பை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். வான்கோழியும் வாத்தும் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கேள்வி: பெட்டியில் வைத்திருந்த அம்புகளின் இறகை ஏதோ அரித்துவிட்டது. வேப்பிலை போட்டால் போதுமா?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: அந்துப்பூச்சியின் புழு அல்லது கம்பள வண்டின் புழு. இரண்டுக்கும் இறகு சோறு மாதிரி. வேப்பிலையை நம்பியிருக்க வேண்டாம், முட்டை சாகாது. அம்பு ஃப்ரீசரில் நுழையாது என்பதால், அரித்த இறகைப் பிய்த்து எறிந்து, பெட்டியின் மூலைகளை வெற்றிடத் துடைப்பானால் உறிஞ்சுங்கள். புது இறகை உறைய வைத்த பிறகே ஒட்டுங்கள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து ஒரு மூலையில் வையுங்கள், வார்னிஷில் படக் கூடாது.

இது பழைய தலைவலிதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. அவற்றில் இறகு இருந்த இடத்தில் நூல் தடமும், செம்பு கலந்த பசையும் மிஞ்சியிருந்தன. செம்பு பூச்சிக்கு ஆகாது.

கேள்வி: மழையில் நனைந்த இறகு படுத்தே கிடக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: வேண்டாம். முதலில் நிழலில் உலர்த்துங்கள். பிறகு கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆவியில் இறகை 15 முதல் 20 விநாடி சுழற்றிக் காட்டுங்கள். படுத்திருந்த இழைகள் கண்ணெதிரிலேயே எழுந்து நிற்கும். கையைத் தள்ளியே வையுங்கள், ஆவி சுட்டுவிடும். விலகி நிற்கும் இழைகளை அடியிலிருந்து நுனிவரை விரலிடுக்கில் வைத்து ஒருமுறை நீவினால் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும். ஆவி பட்ட பசை இளகியிருக்கலாம் என்பதால் முன்முனையை நகத்தால் சோதித்துவிட்டு, மறுநாள் எய்யுங்கள்.