ஹெலிபேட் இல்லாத இடத்தில் இறங்கும் ஹெலிகாப்டர் கம்பியில் மோதாமல் தப்புவது எப்படி?

பறக்கும் ஹெலிகாப்டர் மின்கம்பியிலோ தொலைபேசிக் கம்பியிலோ மோதுவதுதான் 'வயர் ஸ்டிரைக்'. கம்பி மெல்லியது, பின்னணியோடு கலந்துவிடும். அந்தி மங்கலில் கொல்லையில் கட்டிய கொடிக்கயிறு கழுத்தில் பட்ட பிறகுதான் தெரியும். கம்பங்களோ முன்பே தெரியும். அதனால் விமானி தேட வேண்டியது கம்பத்தை. அதன் குறுக்குச்சட்டத்துக்குச் செங்குத்தாகத்தான் பெரும்பாலும் கம்பி ஓடும். வீடோ பம்ப்செட்டோ இருந்தால், கம்பியும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் உயரத்தில் ஒரு முழுச் சுற்று. கம்பியைக் கடக்க நேர்ந்தால் கம்பத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும். உயரழுத்தக் கோபுரங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்: தடித்த கம்பிகளுக்கு மேலே, உச்சியில் மெல்லிய எர்த் கம்பி ஓடும். கீழுள்ளதைப் பார்த்து மேலேறுபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

மோதும் கம்பியை அறுக்க ஹெலிகாப்டரில் பொருத்தும் கத்தி போன்ற கருவியான கம்பிவெட்டி இருந்தால் போதும் என்பது தவறு. முன்னோக்கிய வேகம் இருந்தால்தான் அது வெட்டும், மெதுவாக இறங்கும்போது உதவாது, வாலில் சுழலும் சிறு விசிறியான வால் ரோட்டரையும் காக்காது.