சிவப்பு நட்சத்திரம் போட்டால் உண்மை வந்துவிடாது: சர்வே ஃபார்ம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வடசென்னையில் வீடு வீடாக சர்வே எடுப்பவர்களிடமிருந்து. எந்த ஆப், எந்த வெர்ஷன் என்று சொல்லாமல் "ஃபார்ம் வேலை செய்யலை, உடனே பதில் தேவை" என்று மட்டும் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கோபோவில் (சர்வே ஃபார்ம் செய்யும் மென்பொருள்) ஃபார்ம் செய்திருக்கிறேன். லேப்டாப்பில் பார்த்தால் அழகாக இருக்கிறது. போனில் திறந்தால் ஒரே ஸ்கிரீனில் 14 கேள்விகள் நெருக்கியடிக்கின்றன. (சமூகப்பணி மாணவி, தண்டையார்பேட்டை)

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யாரும் வீட்டு வாசலில் நிற்கப் போவதில்லை, அதனால் அங்கே அழகாக இருந்து பயனில்லை. போனில் ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு கேள்வி. உறவு, பாலினம், வயது மாதிரி ஒரே மூச்சில் கேட்பவற்றை மட்டும் மூன்று நான்காகச் சேர்த்து வைக்கலாம். கட்டம் போட்ட டேபிள் போனில் வேண்டவே வேண்டாம். விரல் ஒரு வரி தவறினால் அப்பாவின் படிப்பு மகனுக்குப் போய்விடும்.

பிரவுசரில் தெரிவதும் போன் ஆப்பில் தெரிவதும் ஒன்றல்ல. களத்துக்குப் போகும் அதே மாடல் போனில், நண்பகல் வெயிலில், தெருவில் நின்று, ஒரு கையில் பையோடு சோதித்துப் பாருங்கள். ஏசி ரூமில் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இன்னொன்று: தள்ளிப் பக்கம் திருப்புவதை நிறுத்திவிட்டு முன், பின் பட்டன்களை வையுங்கள். வியர்த்த விரல் ஸ்கிரீனில் எங்கெங்கோ வழுக்கும்.

டிடிபி சென்டரில் தமிழில் டைப் அடித்து வாங்கிய கேள்விகளை எக்ஸெல்லில் ஒட்டினேன். போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. (கொருக்குப்பேட்டை)

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு வரிவரியாகப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

எல்லாக் கேள்விகளுக்கும் "கட்டாயம்" போட்டிருக்கிறோம். ஒரு கட்டம்கூடக் காலியாக வரவில்லை. ஆனால் மாத வருமானம் பார்த்தால் 10,000, 15,000 என்றே வரிசையாக நிற்கிறது. களப்பணியாளர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறோம். எப்படிக் கண்டிப்பது? (திட்ட அலுவலர், ராயபுரம்)

முதலில் ஃபார்ம் செய்தவரைக் கண்டியுங்கள். அது நீங்களாகவே இருந்தாலும்.

காசிமேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவர் விசைப்படகில் கூலி. கடலுக்குப் போய்த் திரும்பினால் வந்த மீனைப் பொறுத்துப் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது படகு கரையில். பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர் மனைவி. "மாத வருமானம் எவ்ளோக்கா?" என்று உங்கள் களப்பணியாளர் பெண் கேட்கிறாள். "அது வந்தாத்தான்மா தெரியும். ஒரு தடவ வரும், ஒரு தடவ டீசலுக்கே கட்டாது" என்கிறார் அந்த அக்கா. இது முழு உண்மை. இந்த உண்மையை வாங்கிக்கொள்ள உங்கள் ஃபார்மில் இடம் எங்கே இருக்கிறது? சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு கட்டம், அதில் எண் மட்டும்தான் போகும், போட்டால்தான் அடுத்த ஸ்கிரீன் திறக்கும். இருட்டுவதற்குள் இன்னும் ஏழெட்டு வீடு முடிக்க வேண்டும். அவள் 10,000 என்று போட்டுவிட்டு நகர்கிறாள். வேறு என்ன செய்வாள்?

அந்தப் பத்தாயிரத்தை நிஜமான பத்தாயிரத்திலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது. காலிக் கட்டமாக இருந்தால் காலி என்றாவது தெரியும், "தெரியாது" என்று இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். இட்டுக்கட்டிய எண் மட்டும் யார் கண்ணிலும் படாமல் சராசரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறு சதவீதம் நிரம்பிய டேட்டா வந்தால் அலுவலகங்களில் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

"தெரியாது ஆப்ஷன் கொடுத்தால் எல்லாரும் அதையே அமுக்கிவிட்டுப் போவார்களே" என்று அடுத்து கேட்பீர்கள். அமுக்கட்டும், கண்ணுக்குத் தெரியும். களப்பணியாளர்வாரியாக எண்ணுங்கள். மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து வரும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் இருபது வந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தத் தெருவே அப்படியாகவும் இருக்கலாம், கேள்வி கேட்கும் விதம் சரியில்லாமலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பதில் சொல்பவருக்கு இவற்றைப் படித்துக் காட்டக்கூடாது என்று குறிப்பு போடுங்கள். "தெரியாது" வந்தால் ஒரு துணைக்கேள்வி திறக்கட்டும்: பத்தாயிரத்துக்கு மேல் இருக்குமா, கீழே இருக்குமா? எண்ணாகச் சொல்லத் தயங்குபவர்கள் மேலே, கீழே என்று சொல்லிவிடுவார்கள். மீன்பிடி வீடுகளுக்கு மாதக் கணக்கே பொருந்தாது. போன தடவை கடலுக்குப் போனதில் கைக்கு என்ன வந்தது, அந்த மாதிரி மாதம் எத்தனை தடவை, தடைக்காலத்தில் வீட்டை எது ஓட்டியது என்று பிரித்துக் கேளுங்கள்.

எண் கட்டத்தில் "தெரியாது" என்பதற்கு 98, 99 என்று குறியீட்டு எண் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 98 வயதுப் பாட்டி நிஜமாகவே இருப்பார். வருமானத்தில் 99 ரூபாய் என்று சராசரியில் கலந்துவிடும்.

கட்டாயம் போட வேண்டிய இடங்கள் உண்டு: வீட்டு எண், சம்மதம், உறுப்பினர் பட்டியல், எந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது (ஸ்கிப்) என்பதைப் பதிலால் முடிவு செய்கிற கேள்விகள். அவ்வளவுதான். எல்லை மீறிய பதிலுக்கும் இதே விதி. எக்ஸ்எல்எஸ் ஃபார்மில் (கோபோ, ஓடிகே ஆப்களுக்கு எக்ஸெல்லில் எழுதும் ஃபார்ம்) கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது பதிலுக்கு எல்லை, போட்டால் அது முழுத்தடை, ஆளை நகர விடாது. அதை நடக்கவே முடியாததற்கு மட்டும் வையுங்கள், வயது 130 மாதிரி. அபூர்வமானதற்கு, உதாரணமாக 33 வயதுக்காரருக்குப் பேரன் என்று வந்தால், "33 என்று பதிந்திருக்கிறீர்கள், சரிதானா?" என்று ஒரு கூடுதல் கேள்வி முளைத்தால் போதும். சிஎஸ்புரோ, சர்வே சொல்யூஷன்ஸ் என்ற வேறு இரண்டு சர்வே மென்பொருள்களில் இதற்கு எச்சரிக்கை வசதியே இருக்கிறது. தடைச் செய்தியில் "தவறான பதில்" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன போட வேண்டும் என்று எழுதுங்கள். வாசலில் நிற்கும் பெண்ணுக்கு உங்கள் அதட்டல் எதற்கு?

வயதானவர்கள் வயதைக் கேட்டால் 60, 65, 70 என்றே சொல்கிறார்கள். (வியாசர்பாடி)

ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகள் குவிவது பழைய நோய். கார்டு ஏதாவது இருந்தால் பாருங்கள், ஆனால் ரேஷன் கார்டில் இருக்கும் வயதும் யாரோ மதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். ஊர்க்காரர்கள் மறக்காத சம்பவங்களை ஃபார்முக்குள்ளேயே பட்டியலாக வையுங்கள்: அண்ணா மறைவு 1969, எம்ஜிஆர் மறைவு 1987, ராஜீவ் கொலை 1991, சுனாமி 2004, வெள்ளம் 2015, வர்தா புயல் 2016, எண்ணூரில் எண்ணெய் கலந்த 2023 டிசம்பர். சம்பவத்தைத் தேர்ந்தெடுத்து, "அப்ப உங்களுக்கு என்ன வயசிருக்கும்?" என்ற பதிலை மட்டும் போட்டால், இன்றைய வயதை ஃபார்மே கணக்குப் போட்டுக்கொள்ளும். "எம்ஜிஆர் செத்தப்ப நான் வயசுக்கு வந்து ஒரு வருசம்" என்று ஓர் அம்மா சொன்னால் 1974 வாக்கில் பிறந்தவர் என்று பிடித்துவிடலாம். மதிப்பிட்ட வயதா, சான்றைப் பார்த்து எழுதியதா என்று தனியாக ஒரு டிக் கட்டாயம். (பார்த்தீர்களா, நானும் கட்டாயம் போடுவேன்.)

உறுப்பினர் பட்டியலில் கைக்குழந்தைகள் விட்டுப்போகிறார்கள். கடலுக்குப் போன ஆண்களும்தான். (புதுவண்ணாரப்பேட்டை)

ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படிப்பு, வேலை என்று முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறீர்களா? அதுதான் காரணம். நாலாவது ஆளுக்குள் கேட்பவர், சொல்பவர் இரண்டு பேருக்குமே சலித்துவிடும், "அவ்ளோதாம்மா" என்று முடிந்துவிடும். முதலில் பெயர்களை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். அப்புறம் ஒரு ஸ்கிரீன்: "கைக்குழந்தை, வயசானவங்க, வெளிய போயிருக்கவங்க, கூடத் தங்கியிருக்கவங்க யாராச்சும் விட்டுப்போச்சா?" அதன் பிறகு விவரங்கள். அந்த விவரக் கேள்விகளில் ஆளின் பெயர் வர வேண்டும். "உறுப்பினர் 3 என்ன படிக்கிறார்" என்று படித்தால் பதில் சொல்பவர் சிரிப்பார்.

ஒண்டுக்குடித்தன வீடுகளில் குடும்பம் என்றால் என்ன என்பதை முதல் ஸ்கிரீனிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரே சமையலா, தனி அடுப்பா? அண்ணன் தம்பி ஒரே கூரையில் இருந்தாலும் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம்.

ஆதார் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எதற்கு என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை, கடிதத்தில் காரணம் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் சட்டம் வந்தாயிற்று.

ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவே ஜிபிஎஸ் எடுக்கவே மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடம் நிற்கிறோம். (வியாசர்பாடி)

துல்லியம் 5 மீட்டர் என்று விட்டிருப்பீர்கள். உயரமான சுவர்களுக்கு நடுவே அது சுலபத்தில் கிடைக்காது. 20 மீட்டருக்குத் தளர்த்துங்கள், கட்டாயத்தை எடுங்கள், திறந்த வானம் தெரியும் இடத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை துல்லியமாக எடுத்தாலும் மூன்றாவது மாடியா தரைத்தளமா என்று ஜிபிஎஸ் சொல்லாது. பிளாக், மாடி, பழைய எண், புதிய எண் நான்குக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

சர்வே பாதியில் இருக்கும்போது தண்ணீர் கேள்வியில் ஆப்ஷன்களை மாற்றினோம். முன்பு 3 என்றால் லாரித் தண்ணீர். இப்போது 3 கேன், 4 லாரி. இப்போது எப்படிப் பிரிப்பது?

ஃபார்ம் வெர்ஷன் எண்ணை மாற்றியிருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். மாற்றவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த போன் எந்தத் தேதியில் புதிய ஃபார்மை இறக்கியது என்று ஆளாளுக்குக் கேட்டு, நிச்சயமாகத் தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு மற்ற வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். ஒரு முறை கொடுத்த குறியீட்டு எண்ணை மாற்றக்கூடாது, புதியதைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று இதே பகுதியில் எத்தனை முறை எழுதுவது? ஸ்கிரீனில் அது மேலே வரவேண்டுமானால் வரிசையை மாற்றுங்கள், எண்ணை அல்ல.

திரும்பப் போகும்போது குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். கேன் தண்ணீரில் யாரும் துணி துவைப்பதில்லை.

வீட்டில் உள்ள பொருட்களை ஒரே கேள்வியில் பல டிக்காக வைப்பதா, ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லை கேட்பதா?

ஆம்/இல்லை. பல டிக் வைத்தால் முதல் நாலைந்தோடு நின்றுவிடுவார்கள். டிக் இல்லாதது "இல்லை"யா, கேட்கவே இல்லையா என்றும் தெரியாது.

சிக்னல் இல்லாத சந்தில் எடுத்த 20 ஃபார்ம்கள் சர்வரில் இல்லை. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தோம்.

அழித்ததோடு போயிற்று. ஓடிகே மாதிரி சர்வே ஆப்கள் நெட் இல்லாமலே சேமித்து வைக்கும். சிக்னல் வந்ததும் அனுப்பினால் போதும். டிராஃப்டாக விட்டது போகாது, முடித்ததாகக் குறித்தால்தான் போகும். அனுப்பாத ஃபார்ம் இருக்கும்வரை ஆப்பை நீக்காதீர்கள், டேட்டாவை க்ளியர் செய்யாதீர்கள். தினமும் சாயங்காலம் சூப்பர்வைசர் போனில் உள்ள எண்ணிக்கையையும் சர்வரில் உள்ளதையும் ஒப்பிட வேண்டும்.

காகிதம்தான் நம்பகம் என்கிறார் எங்கள் துறைத் தலைவர்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16லேயே கையடக்கக் கணினிக்கு மாறிவிட்டது. 2017ல் தொடங்கிய மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வும் (பிஎல்எஃப்எஸ்) டேப்லெட்டில்தான். அவரிடம் சொல்லிப் பாருங்கள். பையில் ஐந்தாறு காகிதப் படிவமும் இருக்கட்டும், அதில் அவர் சொல்வது சரி.

மே மாதம் எண்ணூர் பக்கம் போன் சூடாகி அணைந்துவிடுகிறது.

வெயிலில் பவர் பேங்க் மாட்டிக்கொண்டே வேலை செய்யாதீர்கள், சூடு அதனால்தான் ஏறும். காலை ஏழு முதல் பதினொன்று, சாயங்காலம் நான்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் வீட்டில் ஆட்களும் இருப்பார்கள். மதியம் டீக்கடை நிழலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.