அழட்டும், அதிலென்ன தப்பு?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், அந்தக் காலத்து ஜப்பானியக் காதல் கார்ட்டூன்களைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். முகத்தில் பாதி கண், கண்ணுக்குள் நட்சத்திரம், நினைத்த நேரத்தில் பூ பறக்கிறது. இளவரசன் வருவான் என்று பெண்பிள்ளைகளைக் கனவில் உட்காரவைக்கும் இந்தக் கதைகளைப் போன இதழில் நீங்கள் வேறு பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமா? ஐம்பது வருஷப் பழசில் அப்படி என்னதான் இருக்கிறது?
(ஒரு தந்தை, திருநெல்வேலி)

பதில்: கண், நட்சத்திரம், பூ எல்லாவற்றையும் கவனித்திருக்கிறீர்கள். கதை என்று வரும்போது நீங்கள் சொல்வது ஒன்றே ஒன்று, இளவரசன். அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை.

'கேண்டி கேண்டி' என்ற கார்ட்டூன் தொடரிலிருந்து தொடங்குகிறேன். இளவரசன் என்று சொல்லத்தக்க ஆள் அதில் நிஜமாகவே இருக்கிறான். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிப் பக்கம் ஓர் அநாதை இல்லம். அங்கே வளரும் சிறுமி ஒருநாள் குன்றின் மேல் அழுதுகொண்டிருக்கிறாள். அவளைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகும் பையனுக்கு 'குன்றின் இளவரசன்' என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொள்கிறாள். டோய் அனிமேஷன் நிறுவனம் 1976 முதல் 1979 வரை 115 பாகங்களில் சொன்ன கதை இது. அத்தனை பாகத்திலும் கேண்டிக்குக் காத்துக்கொண்டு உட்கார நேரமே கிடையாது. பணக்கார வீட்டில் வேலைக்காரியாகப் படாத பாடு படுகிறாள். முதலில் மனசுக்குப் பிடித்த அந்தோனி நரிவேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். லண்டன் பள்ளியில் டெரியைப் பார்க்கிறாள், காதல் வருகிறது. அப்புறம் அந்தப் பள்ளியை விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பி, நர்ஸுக்குப் படித்து, சொந்தக் காலில் நிற்கிறாள்.

டெரி நியூயார்க்கில் மேடை நடிகனாகிறான். ரோமியோ வேஷம் கிடைக்கிறது. ஒத்திகையின்போது மேலேயிருந்து விளக்குகள் விழ, சக நடிகை சுசானா அவனைத் தள்ளிவிட்டுத் தான் மாட்டிக்கொள்கிறாள். அவள் ஒரு காலை எடுக்கவேண்டியதாகிறது. இதெல்லாம் தெரியாமல் கேண்டி ஆசை ஆசையாக ரயிலில் வந்து இறங்குகிறாள். அன்றிரவு ஆஸ்பத்திரி மாடியில் சாகத் துணிந்து நிற்கும் சுசானாவைத் தடுப்பதும் கேண்டிதான். யாரும் அவளை விலகச் சொல்லவில்லை, அவளாகவே விலகுகிறாள். படியில் இறங்குகிறவளை டெரி ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறான். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்கள். நீ சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு அவள் பனி கொட்டும் தெருவில் இறங்கிப் போய்விடுகிறாள்.

இந்த இடத்தில் வில்லன் யாருமில்லை. மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேருக்கும் வலிக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளை அழுகிறாள் என்றால் அவள் கெட்டுப்போகவில்லை. இன்னொருத்தியின் நிலைமையும் தெரிந்துகொண்டே தன் ஆசையை நிறுத்துப்பார்க்கிற ஒருத்தியோடு அவள் கூடவே நடந்துபோயிருக்கிறாள். உங்கள் மகள் அழுதது இந்தப் படிக்கட்டில்தான் என்றால் எனக்கு அவள்மேல் மதிப்புதான் கூடுகிறது. (கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் நடந்த உரிமை வழக்கு 2001இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தத் தகராறால் ஜப்பானிலேயே இந்தத் தொடரை முறைப்படி பார்க்க முடியாமல் கிடப்பது எனக்குத் தீராத வருத்தம்.)

அடுத்தது 'வெர்சாயின் ரோஜா'. ரியோகோ இகேடா 1972இல் 'மார்கரெட்' வார இதழில் இதைச் சித்திரக்கதையாக வரையத் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. பெண்பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில் வரலாறு எடுபடாது என்று ஆசிரியர் குழுவில் எதிர்ப்பு இருந்ததை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் விடவில்லை. பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தை நாயகியாக வைத்துத் தொடங்கிய கதையை, துணைப் பாத்திரமாக வந்த ஆஸ்கர் பிடுங்கிக்கொண்டாள். ஆண் வாரிசு இல்லாத தளபதி, மகனாகவே வளர்த்த கடைசி மகள் அவள். அரசியின் மெய்க்காவல் படைக்கு அதிகாரி.

இளவரசன் யார் இதில்? ஃபெர்சன் என்ற அழகான சுவீடன் பிரபு வருகிறான். ஆஸ்கர் அவனை விரும்புகிறாள். ஒரே ஒரு முறை சீருடையைக் கழற்றிவிட்டு கவுன் உடுத்தி, விருந்தில் அவனோடு ஆடுகிறாள். அவன் மனசு முழுக்க அரசிதான் என்று தெரிந்ததும் அந்த ஆசையை அன்றோடு முடித்துக்கொள்கிறாள். அவளை உண்மையில் நேசித்தவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற ஆந்த்ரே. அவளை வளர்த்த செவிலியின் பேரன், வீட்டு வேலைக்காரன். அவளுக்கான ஒரு வேலையில் ஒரு கண்ணை இழக்கிறான், இன்னொரு கண்ணும் மெல்ல மங்கிக்கொண்டே வருகிறது.

1979இல் இது கார்ட்டூன் தொடராகவும் வரத் தொடங்கியது. அதன் கடைசிப் பாகங்களில் ஒரு காட்சி. ஆஸ்கரின் உருவப்படத்தை ஓர் ஓவியர் தீட்டி முடித்திருக்கிறார். அதன் முன்னால் அவளும் ஆந்த்ரேயும் நிற்கிறார்கள். அவனுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது, ஆனால் அவன் காட்டிக்கொள்ளவில்லை. படம் எவ்வளவு அழகு என்று விவரித்துக்கொண்டே போகிறான். அவன் சொல்வதெல்லாம் படத்தில் இல்லாதவை, அவன் மனசில் இருக்கிற ஆஸ்கர். அவள் குறுக்கே பேசவில்லை, திருத்தவில்லை. கண்ணீர் வழியக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். காதலைப் பற்றி நான் திரையில் பார்த்தவற்றில் இதைவிட மேலானது வெகு சிலதான்.

அதோடு விட்டார்களா? இல்லை. 1789 ஜூலையில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்து பாரிஸ் பற்றி எரிகிறது. அரசியின் காவலை முன்பே விட்டுவிட்டுச் சாதாரணச் சிப்பாய்களின் படைக்குத் தலைமை ஏற்ற ஆஸ்கர், பிரபுப் பட்டத்தை உதறிவிட்டு மக்கள் பக்கம் நிற்கிறாள். 13ஆம் தேதி ஆந்த்ரே சுடப்படுகிறான். 14ஆம் தேதி பஸ்தில் கோட்டைக்கு எதிராகப் பீரங்கிகளைச் சுடச் சொல்லிக் கட்டளையிட்டுவிட்டு அவளும் சாகிறாள். யாரைக் காதலிப்பது என்ற கேள்வியும் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியும் அவளுக்கு ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பள்ளிக்கூடப் பெண்களை நம்பி இவ்வளவு கனமான விஷயத்தை அவர்கள் கையில் கொடுத்த கதைகள் இவை. பெண்ணின் மனசு விளையாட்டுச் சாமான் இல்லை, அங்கே முடிவுகள் எடுக்கப்படுகின்றன, அவற்றுக்கு விலை உண்டு என்று இவற்றைச் செய்தவர்கள் நம்பினார்கள். இவை இன்றும் ஈர்ப்பதற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா, தகராசுகா என்ற ஊரில் வளர்ந்தவர். ஆண் வேஷம் உட்பட எல்லா வேஷமும் பெண்களே கட்டும் இசை நாடகக் குழு அந்த ஊரில் 1914இலிருந்து மேடை ஏறிவருகிறது. அந்த மேடையைப் பார்த்து வளர்ந்தவர்தான் 1953இல் இளவரசனாக வளர்க்கப்படும் ஒரு பெண்ணின் கதையைப் பெண்பிள்ளைகளுக்கான பத்திரிகையில் வரையத் தொடங்கினார். அதில் அவர் வரைந்த பெரிய கண், தூரத்து இருக்கைக்கும் உணர்ச்சி போய்ச் சேரவேண்டிய அந்த மேடை முகத்திலிருந்து வந்தது. பின்னால் வந்த பெண் ஓவியர்கள் அந்தப் பெரிய கண்ணை எடுத்துக்கொண்டு, கதாபாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அதில் வைத்தார்கள். பூவும் அப்படித்தான். நாயகியின் மனசுக்குள் நடப்பது அவளைச் சுற்றிய வெளியாகவே மாறுகிறது. 'வெர்சாயின் ரோஜா'வின் 19ஆம் பாகத்திலிருந்து இயக்கிய ஒசாமு தெசாகி இன்னொன்று செய்வார். ஓடுகிற காட்சியைச் சட்டென்று நிறுத்தி, அந்தக் கணத்தையே கையால் தீட்டிய ஓவியமாக மாற்றிவிடுவார். நெஞ்சு ஒரு நொடி நின்று போவதைப் படத்தில் காட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு என்கிறீர்கள். அப்படியானால் 1995இல் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனத்திலிருந்து யோஷிஃபுமி கோண்டோ இயக்கத்தில் வந்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தை அவசியம் பாருங்கள். அதுவும் பெண்பிள்ளைகளுக்கான பத்திரிகையில் வந்த கதைதான். ஷிஸுகு என்ற மாணவி தான் எடுக்கும் நூலகப் புத்தகங்களின் இரவல் அட்டைகளில் எல்லாம் தனக்கு முன்பே ஒரே பையனின் பெயர் எழுதியிருப்பதைக் கவனிக்கிறாள். அவனைச் சந்தித்தால், அவன் வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலியின் கிரெமோனாவுக்குப் போகத் துடிப்பவன். அவனைப் பார்த்ததும் அவளுக்கு வருவது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி. நுழைவுத் தேர்வு வருஷத்தில் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கதை எழுத உட்கார்கிறாள். மார்க் குறைகிறது, அக்கா கத்துகிறாள். அப்பா அவளை உட்காரவைத்துப் பேசுகிறார். உனக்குச் சரியென்று பட்டதைச் செய், ஆனால் மற்றவர்கள் போகாத வழியில் போவது சுலபமில்லை, என்ன நடந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது என்கிறார். தடுக்கவுமில்லை, தட்டிக்கொடுத்து ஏமாற்றவுமில்லை. ஓர் அப்பா மகளிடம் எப்படிப் பேசலாம் என்பதற்கு அந்தக் காட்சியை நான் பல பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஆந்த்ரே ஓர் இரவு நிலைதடுமாறி ஆஸ்கரின் சட்டையைக் கிழிக்கிறான். உடனே வெட்கி மன்னிப்புக் கேட்டாலும், கதை அதை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப்போயிருக்கக் கூடாது. 1996இல் கார்ட்டூன் தொடராக வந்த 'ஹனா யோரி டாங்கோ'வில் பணக்கார நாயகன் பள்ளியையே ஏவிவிட்டு ஒரு பெண்ணைத் துன்புறுத்துகிறான், பிறகு அவனே காதலனாகிறான். எதிர்த்து நிற்கும் அந்தப் பெண் சுகுஷியை எனக்கு மிகவும் பிடிக்கும், அவனை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. இதே கதையின் கொரிய வடிவம் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்று தமிழில் டப் ஆகி நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கலாம். கோபப்பட வேண்டுமென்றால் இதற்குக் கோபப்படுங்கள், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒருவன் கொடுமைக்காரனாக இருந்துவிட்டுக் காதலனாக மாறலாமா என்று மகளிடம் கேட்டுப்பாருங்கள், அவளிடம் உங்களைவிடத் தெளிவான பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பழசு என்கிறீர்கள். ஆஸ்கரின் கதையை 1974இல் அதே தகராசுகா குழு மேடையேற்றியது, இன்றுவரை திரும்பத் திரும்ப மேடையேற்றி வருகிறது. 2025 ஜனவரியில் ஜப்பானில் அது புதிய திரைப்படமாகவும் வந்தது. படம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் உங்கள் மகளுக்கு எதைத் தரலாம் என்று கேட்டால் 1979இல் தொடங்கிய அந்த 40 பாகத் தொடரைத்தான் சொல்வேன். சின்ன வயசிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் வாய் திறக்காத ஆந்த்ரேயின் வருஷங்கள் இரண்டு மணி நேரத்தில் அடங்குவதில்லை.