எலியைத் தொங்கவிட்டால் விண்வெளி ஆகிவிடுமா? – கேள்வி பதில்

விண்வெளியில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவது பற்றிப் போன வாரம் ஒரு பேச்சுக்குச் சொல்லப்போய், மலையகம் முழுவதிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. நிர்ப்பீடனவியல் (நோய் எதிர்ப்பு பற்றிய துறை) ஆய்வுகூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கொட்டகலை, உயர்தர உயிரியல் மாணவி: அக்கா, பூமியில் ஈர்ப்பை நிறுத்த முடியாதே. அப்புறம் எப்படி எடையின்மையை இங்கே ஆராய்கிறார்கள்?

நிறுத்த முடியாது தங்கச்சி, உடம்பை ஏமாற்றத்தான் முடியும். 1970களில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் எமிலி மோரி-ஹோல்டன் ஒரு வழி கண்டார். எலியின் வாலில் பட்டி ஒட்டி, கூண்டுக்கு மேலே ஓடும் கம்பியில் மாட்டிவிடுவார்கள். பின்னங்கால் தரையில் படாது. உடல் சுமார் 30 பாகை தலைப்பக்கம் சரிந்திருக்கும். முன்னங்கால் இரண்டையும் வைத்தே எலி கூண்டு முழுக்கச் சுற்றும், தின்னும், தண்ணீர் குடிக்கும், முகம்கூடத் துடைத்துக்கொள்ளும். பின்காலுக்குச் சுமை இல்லை, உடல்நீர் தலைப்பக்கம் ஏறுகிறது. விண்வெளியில் நடப்பதில் இந்த இரண்டும் முக்கியமானவை. மனிதர்களை 6 பாகை தலை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். உடலிலிருந்து எடுத்த தனிக் கலங்களை (உயிரணுக்களை) ஆராய்வதென்றால் மெதுவாகச் சுழலும் பாத்திரத்தில் போடுவார்கள். கலம் அடியில் படியவே நேரம் கிடைக்காது.

பண்டாரவளை, விஞ்ஞான ஆசிரியர்: தொங்கவிட்ட எலிக்கு மன அழுத்தம் வருமே. எதிர்ப்புச் சக்தி அதனால்தான் குறைகிறதோ?

சேர், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அழுத்த ஓமோன் ஏறினால், எதிர்ப்புக் கலங்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்கும், கிருமியோடு போராடும் வெள்ளைக் கலங்களான நிணநீர்க்குழியங்கள் குறையும். அதனால்தான் அதே பட்டியை வாலில் கட்டி, நான்கு காலும் தரையில் பட விட்ட எலிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வை நான் பெரிதாக நம்புவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அழுத்தத்தின் தலையில் போடவும் முடியாது. 1983இல் விண்ணோடத்தில் போன ஸ்பேஸ்லாப் ஆய்வுகூடத்தில் அகஸ்டோ கோகோலி என்ற ஆய்வாளர் மனித நிணநீர்க்குழியங்களைப் போத்தலில் அனுப்பி, அவற்றைப் பெருகத் தூண்டும் கொன்கனவலின் ஏ என்ற பொருளைச் சேர்க்க வைத்தார். தரையில் வைத்த குழியங்களோடு ஒப்பிட்டால் தூண்டப்பட்டது 3 சதவீதத்துக்கும் குறைவு. போத்தலுக்குள் மனமும் இல்லை, அழுத்த ஓமோன் சுரக்கச் சுரப்பியும் இல்லை.

தலவாக்கலை: நுவரெலியா உயரமான ஊர். எங்களுக்கும் விண்வெளிக் கதிர் கூடவா?

1,868 மீற்றர் உயரத்தில் கரையோரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். பயப்பட ஒன்றுமில்லை. உலகில் ஒருவருக்கு இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சு சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு). நாசாவின் கியூரியோசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு 1.8. நம் ஒரு வருடக் கணக்கு அங்கே ஒன்றரை நாளுக்குள் முடிந்துவிடும்.

ஹட்டன், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை: கதிரும் எடையின்மையும் சேர்ந்தால்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கதிர் பட்டால் இரத்தத்தில் முதலில் விழுவது நிணநீர்க்குழியங்கள், அதிலும் பி வகை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலிகளை மூன்று விதமாகப் பிரித்தார்கள்: தொங்கவிட்டவை, சூரிய வெடிப்பில் வருவதுபோன்ற கதிர் பட்டவை, இரண்டும் பட்டவை. பிறகு, சாதாரண எலியைக் கொல்லாத அளவில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா பற்றீரியாக்களை ஏற்றினார்கள். இரண்டும் பட்ட எலிகள்தான் மிக மோசமாக நோய்ப்பட்டன. உடம்பால் பற்றீரியாவை வெளியேற்ற முடியவில்லை. குடல் சுவரும் இளகி, உள்ளே கிடக்கும் பற்றீரியா இரத்தத்துக்குள் கசிகிறது. ஒற்றைக் கேடாகப் பார்த்தால் சமாளிக்கலாம் போலத் தெரியும், சேர்ந்து வரும்போதுதான் விஷயம். ஒன்றை மட்டும் ஆராய்ந்துவிட்டு ‘விண்வெளி பரவாயில்லை’ என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆனால் எலிக்குக் கொடுத்த கதிர் கொஞ்ச நேரத்தில் கொடுத்து முடிந்தது. விண்வெளிக் கதிரில் பெரும்பகுதி மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விழும். அதையும் மறக்கக்கூடாது. ஒரேயடியாக வருவது சூரிய வெடிப்பில்தான். 1972 ஓகஸ்ட்டில் பெரிய சூரிய வெடிப்பொன்று வந்தது. நிலவுக்குப் போன அப்பல்லோ 16 ஏப்ரலில் போய் வந்துவிட்டது, 17 டிசம்பரில்தான் போனது. இடையில் தப்பித்தார்கள்.

பசறை: அம்மாவுக்கு அக்கி வந்தபோது, சின்ன வயதில் வந்த சின்னம்மைதான் திரும்பி வந்திருக்கிறது என்றீர்கள். அங்கேயும் அப்படி வருமா அக்கா?

வரும். சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டிருக்கும். காவல் தளர்ந்தால் எழும்பும். விண்ணோடத்தில் போனவர்களில் 89 பேரைப் பரிசோதித்ததில் 47 பேரும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் 23 பேரில் 14 பேரும் சின்னம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோவொரு வைரஸை எச்சிலிலோ சிறுநீரிலோ வெளியேற்றியிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கொப்புளம் எதுவும் வரவில்லை.

அப்புத்தளை: விண்வெளியில் தடிமன் பிடிக்குமா?

பிடிக்கும். 1968இல் அப்பல்லோ 7இல் போனவர்களுக்கே பிடித்தது. சளி கீழே இறங்காது, மூக்கிலேயே தங்கிவிடும்.

பதுளை: அந்தக் கட்டில் ஆய்வுக்குக் காசு தருவார்களா? எங்கள் வீட்டில் தம்பி சும்மாவே படுத்துக் கிடக்கிறான்.

தருவார்கள். 2019இல் ஜெர்மனியின் கொலோனில் 60 நாள் படுக்கை, முன்னும் பின்னும் பரிசோதனை என்று மொத்தம் 89 நாளுக்கு 16,500 யூரோ. சாப்பாடு, குளிப்பு, மலசலம் எல்லாம் படுத்தபடியேதான். ஒரு தோளாவது எப்போதும் கட்டிலில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், ஜெர்மன் பேசத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் தம்பியை வகுப்புக்கு எழுப்பிவிடுங்கள்.