மார்கழியில் பழைய ஸ்டாக்கா, சித்திரையில் புது மாடலா?

கேள்வி: திருவொற்றியூரில் தம்பியும் நானும் கூட்டாக கன்டெய்னர் டிரெய்லர் தொழில் செய்கிறோம். 66 லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒரு எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. பார்த்திருக்கிறேன். யார்டில் நிற்கும் வண்டிக்கு 3 லட்சம் தள்ளுபடி தருகிறார்கள். டிசம்பர் 31-க்குள் பில் போட வேண்டுமாம். ஏப்ரலில் பெரிய பேட்டரியோடு புது மாடல் வரும், விலை 69 லட்சம் இருக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். வீட்டில் மார்கழியில் வண்டி எடுக்க விடமாட்டார்கள். "தையில் எடுங்கள் சார், புது வருஷ வண்டி ஆகிவிடும்" என்கிறார் சேல்ஸ்மேன். புக்கிங் தொகை 5 லட்சம். கையில் 25 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, 40 லட்சம் கடன் வாங்க உத்தேசம். மாத வருமானம் 4.5 லட்சம், வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 62,000. நாலு வருஷத்துக்கு மேல் எந்தக் காரையும் வைத்திருந்ததில்லை. தினமும் மணலி, துறைமுகம் என்று 50 கி.மீ. ஓடும், மாதம் ஒருமுறை திருப்பதி. இப்போதே எடுக்கலாமா, காத்திருக்கலாமா?

– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதலில் சேல்ஸ்மேன் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். தையில் பதிவு செய்தால் பதிவுத் தேதிதான் புது வருஷமாகும். வண்டி புது வருஷ வண்டி ஆகாது. சேல் சர்டிஃபிகேட் எனப்படும் படிவம் 21-லும் ஆர்.சி.யிலும் உற்பத்தியான மாதமும் வருஷமும் தனியாக அச்சாகின்றன. நாலு வருஷம் கழித்து விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். டிசம்பரில் யார்டில் நிற்கும் வண்டி ஆகஸ்டில் தயாரானதாக இருக்கலாம். முழுதாக இறக்குமதி ஆன வண்டி என்றால் கப்பலேறும் முன் வெளிநாட்டு யார்டில் கிடந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பணம் கட்டும் முன் சேஸிஸ் நம்பரையும் உற்பத்தி மாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். "அலாட்மென்ட் ஆனபிறகுதான் சொல்ல முடியும்" என்பது ஃபேக்டரியிலிருந்து வர வேண்டிய வண்டிக்குப் பொருந்தும். யார்டில் கண்ணெதிரே நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது.

அடுத்தது, ஏப்ரலில் வரப்போவது எந்த மாதிரி மாற்றம் என்பது. எல்லா அப்டேட்டும் ஒன்றல்ல. 2024-ல் வோல்வோ தன் எக்ஸ்.சி.40 ரீசார்ஜுக்கு இ.எக்ஸ்.40 என்று பெயர் மாற்றியது. பெயருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடியின் இ-ட்ரான் 2023-ல் க்யூ8 இ-ட்ரான் ஆனபோது விஷயம் வேறு: பெரிய பேட்டரி 95 கிலோவாட்-ஹவரிலிருந்து 114 ஆனது. கியா இ.வி.6-ல் 2025-ல் 77.4-லிருந்து 84 ஆனது. திரை, மேப், டிரைவர் உதவி அம்சங்கள் சிலவற்றைப் பழைய வண்டிக்கும் சாஃப்ட்வேராகவே அனுப்பிவிடலாம். பேட்டரியின் அளவும் சார்ஜிங் வோல்டேஜும் அப்படி வராது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது பேட்டரி மாற்றம். அதனால் ஏப்ரல் முதல் நீங்கள் வைத்திருப்பது "பழைய மாடல்" என்ற பெயர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒட்டிக்கொள்ளும். நாலு வருஷத்தில் விற்பவருக்கு அது உறைக்கும். எட்டு வருஷம் ஓட்டுபவருக்கு அவ்வளவாக உறைக்காது.

இதை ரூபாயில் போட்டுப் பார்ப்போம். மறுவிற்பனை விலை இரண்டும் என் அனுமானம்தான், உங்கள் புரோக்கரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டாக்கை 63 லட்சத்துக்கு எடுத்து நாலு வருஷம் கழித்து 26 லட்சத்துக்குக் கொடுத்தால் கரைந்தது 37 லட்சம். புது மாடலை 69-க்கு எடுத்து 33-க்குக் கொடுத்தால் 36 லட்சம். ஆனால் அதிகப்படியாகக் கடன் வாங்கும் 6 லட்சத்துக்கு, 5 வருஷக் கடனில் 9 சதவீத வட்டி என்றால், முதல் நாலு வருஷத்தில் சுமார் 1.4 லட்சம் போகும். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 3 லட்சம் தள்ளுபடி என்பது பெரிய சலுகை அல்ல, பழையதை எடுப்பதால் வரும் நஷ்டத்துக்கு ஈடு, அவ்வளவுதான். அதே வண்டியை 61-க்குக் கொடுத்தால் உங்களுக்கு மூன்று லட்சம் அளவுக்கு மிச்சம். நீங்கள் கேட்க வேண்டிய தள்ளுபடி 5 லட்சம். வருஷக் கடைசி வாரத்தில் பில் எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. மார்கழியில் வண்டி எடுக்க ஆள் குறைவு. வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை பேரத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. டிசம்பரில் பில், தையில் பதிவும் டெலிவரியும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், பில்லிலிருந்தா டெலிவரியிலிருந்தா என்று எழுதி வாங்குங்கள்.

தள்ளுபடி இன்வாய்ஸில் இறங்க வேண்டும். "ஆக்சஸரீஸாகத் தருகிறோம், எக்ஸ்சேஞ்ச் போனஸாகத் தருகிறோம்" என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் வசூலித்து அரசுக்குக் கட்டும் 1 சதவீத முன்வரியான டி.சி.எஸ்.ஸும் முழு விலைக்கே ஏறும். டி.சி.எஸ். செலவல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 63 லட்சத்துக்கு 63,000 ரூபாய். யாருடைய பான் நம்பரில் கட்டப்பட்டதோ அவர் கணக்கில்தான் அது தெரியும். புக்கிங் ஒருவர் பெயரில், கடன் இன்னொருவர் பெயரில், இன்வாய்ஸ் நிறுவனத்தின் பெயரில் என்று போட்டுவிட்டு பிறகு வருமான வரித் துறையின் வரி வரவுப் பட்டியலான 26ஏ.எஸ்.ஸில் தேடுவதுதான் இதில் நடக்கும் வழக்கமான குளறுபடி.

நிறுவனத்தின் பெயரில் எடுப்பதாக இருந்தால் தேய்மானக் கணக்கு வரும், அதாவது வண்டியின் மதிப்பில் ஒரு பங்கை வருஷா வருஷம் செலவாகக் கழிப்பது. சாதாரண காருக்கு 15 சதவீதம். மின் வாகனம் 40 சதவீதப் பட்டியலில் வருகிறது. உங்கள் ஆடிட்டர் அந்த விகிதத்தை ஏற்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் பாதிதான் கிடைக்கும். அதாவது அக்டோபர் 3-க்குள் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அது தாண்டிவிட்டது. ஜனவரியில் எடுத்தால் இந்த வருஷம் 20 சதவீதம், 63 லட்சத்துக்கு 12.6 லட்சம், பங்குதாரர் நிறுவனத்தின் 31.2 சதவீத வரியில் சுமார் 3.9 லட்சம் குறையும். ஷோரூமில் இதை "வரி மிச்சம்" என்பார்கள். உண்மையில் இது முன்கூட்டியே கிடைக்கும் கழிவு. மீதித் தொகைக்குத்தான் அடுத்த வருஷங்களில் தேய்மானம், விற்கும்போது வரும் பணமும் அந்தக் கணக்கில்தான் கழியும். ஏப்ரலில் எடுத்தால் அந்த நிதியாண்டிலேயே முழு 40 சதவீதம் உண்டு. ஆகவே வரிக்காக டிசம்பரில் ஓட வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான பங்குக்கு வருமான வரி அதிகாரி தேய்மானத்தைக் குறைத்துவிடுவார். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை நிறுவனம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிப்பது, இந்த மாதிரிக் காருக்கு உங்களுக்குக் கிடைக்காது. மின் வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரியில் இருந்த 80இ.இ.பி. பிரிவுக் கழிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்; யாராவது இன்னும் அதைச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது, அதை ஷோரூமில் யாரும் பேசமாட்டார்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். உங்கள் வண்டிக்கு அது 12 லட்சத்துக்குக் குறையாது. மின் வாகனத்துக்கு விலக்கு இருப்பதால்தான் உங்கள் கொட்டேஷனில் அந்த வரி சைபராக இருக்கிறது. இந்த விலக்கு நிரந்தரமில்லை. முதலில் 2022 டிசம்பர் 31 வரை, பிறகு 2025 டிசம்பர் 31 வரை என்று அரசாணைகளால் நீட்டிக்கப்பட்டு வந்தது. கணக்கில் வருவது புக்கிங் தேதியல்ல, பதிவுத் தேதி. நடப்பிலுள்ள ஆணையின் கடைசித் தேதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, டெலிவரி எவ்வளவு தள்ளிப்போனாலும் அதற்கு முன்னால் பதிவு முடியுமா என்று பாருங்கள். தையா சித்திரையா என்பது அதற்கு அப்புறம்.

5 லட்சம் தள்ளுபடி தர மறுத்தால் புது மாடலுக்குக் காத்திருங்கள். அதற்குப் புக்கிங் படிவத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் "டெலிவரி நாளின் விலை பொருந்தும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். சொகுசு கார் நிறுவனங்கள் ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலை ஏற்றுவது வாடிக்கை, ஆகவே 69 என்பது 71 ஆனாலும் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. படிவத்தில் கையாலோ மெயிலிலோ மூன்று விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: புதிய பேட்டரி கொண்ட வேரியன்ட் என்ற பெயர், உற்பத்தி மாதம் இன்னதுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது, விலை இன்ன சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, இன்ன தேதியைத் தாண்டினாலோ பிடித்தமில்லாமல் பணம் திரும்ப வேண்டும். இதற்கு மறுத்தால் புக்கிங் தொகை 5 லட்சத்தைக் கட்டாதீர்கள். 50,000 கட்டி வரிசையில் நிற்க முடியுமா என்று கேளுங்கள். வாய்மொழி உறுதிக்குப் பயனில்லை. தகராறானால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே பேசுவது அந்த மெயில்தான்.

கடனில் ஒரு எச்சரிக்கை. வங்கியின் அனுமதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. டெலிவரி தள்ளிப்போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரும், அன்றைய வட்டி பொருந்தும். அதைவிட மோசம், டீலர் அவசரப்படுத்தியதால் வங்கி பணத்தை விடுவித்துவிட்டு, வண்டி வரும் முன்பே இ.எம்.ஐ. தொடங்குவது. சேஸிஸ் நம்பர் போட்ட புரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டித் தரும் பில்) வந்த பிறகே வங்கியின் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) டீலருக்குப் போகட்டும். 40 லட்சம், 9 சதவீதம், 5 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 83,033, வீட்டுக் கடனோடு சேர்த்து மாதம் 1.45 லட்சம். உங்கள் வருமானத்துக்குத் தாங்கும். எஃப்.டி. 25 லட்சத்தையும் முன்பணத்தில் கரைக்க வேண்டாம். டிரெய்லர் தொழிலில் பார்ட்டி பணம் இரண்டு மாதம் தள்ளினால் டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் அதுதான் கைகொடுக்கும். ஏழெட்டு லட்சமாவது அசையாமல் இருக்கட்டும். அதற்கு வழி, கடனைக் கூட்டுவதல்ல, வேரியன்ட்டை ஒரு படி குறைப்பது. தினம் 50 கி.மீ.க்கும், போக வர 280 கி.மீ. சொச்சம் வரும் திருப்பதிக்கும் இப்போதைய பேட்டரியே மிச்சம்.

கரண்ட் பில்லையும் பட்ஜெட்டில் சேருங்கள். மாதம் 1,600 கி.மீ.க்கு, சார்ஜிங் இழப்பும் சேர்த்து 350 யூனிட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 700. வீட்டு ஏ.சி.யோடு சேர்ந்து 1,000 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 11.80 ரூபாய். பழைய வீடு, சிங்கிள் ஃபேஸ், 5 கிலோவாட் லோடு என்றால் 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் (வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜர்) ஓடாது. லோடு கூட்டவோ த்ரீ ஃபேஸ் வாங்கவோ ஈ.பி.யில் இப்போதே விண்ணப்பம் கொடுங்கள். வண்டி வந்த பிறகு கொடுத்தால் சார்ஜருக்காக மணலியில் க்யூ நிற்பீர்கள். இலவச வால்பாக்ஸ் என்றால் எத்தனை மீட்டர் கேபிள் வரை என்று கேளுங்கள். மீட்டர் போர்டு வீட்டின் பின்கட்டிலும் வண்டி நிற்பது வாசலிலும் இருந்தால் மீதி மீட்டருக்கு உங்களிடம்தான் வாங்குவார்கள்.

யார்டு வண்டியையே எடுப்பதென்றால், பதிவுக்கு முன் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். நாலு டயரும் ஒரே காலத்தவையா, உற்பத்தி மாதத்தோடு ஒத்துப்போகின்றனவா? 12 வோல்ட் பேட்டரி நின்று நின்று இறங்கியிருந்தால் புதிது போட்டுத் தரச் சொல்லுங்கள். மெயின் பேட்டரியின் ஹெல்த் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து வாங்குங்கள். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் ரெயில் போல்ட்டில் துருவும் மண்ணும் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியிலும் மணலியிலும் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர் நீங்கள். மழைக்காலம் கடந்த எந்த யார்டு வண்டிக்கும் இந்தச் சோதனை வேண்டும். துரு தெரிந்தால் 5 லட்சமல்ல, 10 லட்சம் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.